கிளி/தர்மபுரம்: பாடங்கள் வந்த பாதை

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதி தொடங்கும். முரசுமோட்டை, புளியம்பொக்கணைச் சந்தி எல்லாம் தாண்டி, விசுவமடு வருவதற்கு முன் தர்மபுரம். கடைத்தெரு, வைத்தியசாலை, பஸ் தரிப்பிடம், வயல் வேலைக்குப் போகும் உழவு இயந்திரங்கள். அங்கே ஒரு பாடசாலை: கிளி/தர்மபுரம் மத்திய கல்லூரி. பெயருக்கு முன்னால் நிற்கும் 'கிளி'யையும் சாய்கோட்டையும் பிள்ளைகள் கொப்பி மட்டையிலும் பரீட்சை விண்ணப்பத்திலும் யோசிக்காமலே எழுதிவிடுவார்கள். இலங்கையின் அரச பாடசாலைகளுக்குப் பொதுவாக மாவட்டத்தைச் சொல்லும் இப்படியொரு முன்னெழுத்து உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 'யா', முல்லைத்தீவுக்கு 'மு', கிளிநொச்சிக்குக் 'கிளி'.

இந்த ஊரில் எந்தப் பாடத்தைப் படிக்கலாம், அதைப் படிப்பிக்க யார் வருவார், படித்த பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த மாவட்ட எழுத்துக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

ஊர்ப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். இந்தப் பக்கத்துப் பழைய பெயர்கள் தண்ணீரைச் சொல்பவை. முரசுமோட்டையின் மோட்டை, புன்னைநீராவியின் நீராவி, புளியம்பொக்கணையின் பொக்கணை எல்லாமே நீர்நிலைகள். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்குப் பங்குனியில் வன்னி முழுவதிலுமிருந்தும் சனம் திரளும். அந்தப் பழைய பெயர்களுக்கிடையே 'புரம்' என்று முடியும் ஊர்கள் பிந்தி வந்தவை. உருத்திரபுரம், இராமநாதபுரம், ஸ்கந்தபுரம், பாரதிபுரம், தர்மபுரம் என்று நீளும் இந்த வரிசை, காடு வெட்டிக் குடியேறிய காலத்தின் வரிசை. 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த இரணைமடுக் குளம்தான் கிளிநொச்சிக் குடியேற்றங்களின் தாய். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் காணி பகிர்ந்து கொடுக்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்து விவசாயக் குடும்பங்கள் தெற்கே நகர்ந்தன. 1960களின் பிற்பகுதியில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. விசுவமடுவும் முத்தையன்கட்டும் அந்தத் திட்டத்தால் பெயர் பெற்றவை. 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்த மண்ணில் மிளகாய்ச் செய்கை பொன் விளைச்சல் ஆனது.

தோட்டம் இருந்தால் தோட்டத்தில் இறங்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கைகொடுத்து, பிறகு ஊரின் பெரும் பகுதியாகவே ஆனவர்கள் மலையகத் தமிழர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் தீர்மானித்தது. மிகுதி 1,50,000 பேரின் தலைவிதி பின்னொரு பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1973, 74இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1977இலும் 1983இலும் நடந்த இனவன்முறையில் வீடுகள் எரிந்தன. ஒவ்வொரு அடிக்குப் பின்னும் குடும்பங்கள் வடக்கே பஸ் ஏறின. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1970களின் நடுவில் தொடங்கிய காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் இவர்களைக் குடியேற்றியது, பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்தியது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களில் இராஜசுந்தரமும் ஒருவர்.

இப்படி வந்தவர்கள் கையில் கொண்டுவந்த கல்வி எவ்வளவு? தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு. அவற்றை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977க்குப் பிறகுதான். எனவே தர்மபுரத்தில் குடியேறிய பல மலையகக் குடும்பங்களுக்கு, பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போவதே பரம்பரையில் முதல் தடவை. சாதாரண தரப் பரீட்சை எழுதினால் அது வீட்டின் விசேஷம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளின் கதை வேறு. அங்கே 1816 முதல் அமெரிக்க மிஷன் பள்ளிகள் முளைத்தன. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. நூறு வருடம் போட்டி போட்டுக் கட்டிய மண்டபங்களும் நூலகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அங்கே இருந்தன. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, அது ஏற்கெனவே நிமிர்ந்து நின்ற கட்டடங்களையே கையேற்றது. குடியேற்ற ஊர்களின் பாடசாலைக்கு மிஷனும் இல்லை, சங்கமும் இல்லை. காணித் துண்டு பிரித்தபோது பாடசாலைக்கென்று ஒரு துண்டு ஒதுக்கப்படும். ஊரார் தடி வெட்டி, கிடுகு வேய்ந்து கொட்டில் போடுவார்கள். பிறகு கல்வித் திணைக்களம் ஒரு வாத்தியாரை அனுப்பும்.

அந்தக் கொட்டிலுக்கு அரச பதிவேட்டில் கிடைக்கும் பெயர் 'அ.த.க. பாடசாலை', அதாவது அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. தர்மபுரம் இலக்கம் 1 அ.த.க. பாடசாலை இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. வகுப்புகள் கூடினால் வித்தியாலயம், இன்னும் வளர்ந்தால் மகா வித்தியாலயம், அதற்கும் மேல் மத்திய கல்லூரி. 'மத்திய' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், கிராமத்துப் பிள்ளையும் நகரத்துக் கல்லூரியின் தரத்தில் படிக்கவேண்டும் என்று நாடெங்கும் மத்திய பாடசாலைகளைக் கட்டினார். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடமும் விடுதியும் கிடைத்தன. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஒரு குடியேற்ற ஊர்ப் பாடசாலை 'மத்திய கல்லூரி' என்று பெயர் எழுதிக்கொள்ளும்போது அந்தப் பழைய வாக்குறுதியையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறது.

ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவது போலச் சுலபமாக நேரசூசியை நிரப்ப முடியாது. இலங்கையில் உயர்தரம் வரை விஞ்ஞானப் பிரிவும் நடத்தும் பாடசாலை '1ஏபி'. கலையும் வர்த்தகமும் மட்டும் நடத்துவது '1சி'. பதினோராம் தரத்தோடு நிறுத்துவது வகை 2. இந்த எழுத்துகளைப் பிரிப்பது கட்டடம் அல்ல. இரசாயனவியலுக்கு ஒருவர், பௌதிகவியலுக்கு ஒருவர், உயிரியலுக்கு ஒருவர், இணைந்த கணிதத்துக்கு ஒருவர் என்று நான்கு ஆசிரியர்கள் ஒரே காலத்தில், இரண்டு வருடம் நிலைத்திருந்தால்தான் ஒரு பாடசாலை விஞ்ஞானப் பிரிவை முழுமையாக நடத்தலாம். நால்வரில் ஒருவர் மாற்றம் பெற்றுப் போனாலும் வகுப்பு நொண்டும். கலைப்பிரிவு அப்படியல்ல. தமிழ், இந்து நாகரிகம், புவியியல், அரசறிவியல் எல்லாவற்றிலும் ஆசிரியர் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம், ஆய்வுகூடமும் வேண்டாம். வன்னிப் பாடசாலைகளில் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடக் கலைப்பிரிவில் சேர்ந்ததற்குக் காரணம் விருப்பத்தைவிட நேரசூசிதான்.

அந்த நாளில் வாத்தியார்மார் வந்தது பெரும்பாலும் குடாநாட்டிலிருந்து. கோப்பாய், பலாலி ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சி முடித்தவர்கள், முதல் நியமனம் வாங்கிக்கொண்டு ஒரு சூட்கேசோடு பரந்தனில் ரயிலால் இறங்குவார்கள். அங்கிருந்து பஸ். திங்கட்கிழமை காலையில் வந்து வெள்ளி மத்தியானம் ஊருக்குத் திரும்பும் வழக்கம் அப்போதே உருவானது. கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பக்கத்து வீட்டு அறையில் தங்குவார்கள். மாலையில் முற்றத்தில் பாய் விரித்து, கணக்கு விளங்காத பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தவர்களும் உண்டு. 'கஷ்டப் பிரதேசம்' என்ற சொல் கல்வித் திணைக்களத்தின் மொழியில் ஊன்றியது. அங்கே சில வருடம் சேவை செய்துவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றம் கேட்கலாம். ஆசிரியருக்கு அது கடக்கவேண்டிய காலம். பிள்ளைக்கோ, 'சேர்' வந்து பழகும் நேரத்தில் அவர் போய்விடுவார்.

பாடவிதானமும் மாறிக்கொண்டே இருந்தது. 1972இல் கொண்டுவரப்பட்ட கல்விச் சீர்திருத்தம் சாதாரண தரப் பரீட்சையை நீக்கித் தேசியக் கல்விப் பொதுச் சான்றிதழைக் கொண்டுவந்தது. எல்லாப் பிள்ளைகளும் கணிதமும் விஞ்ஞானமும் படிக்கவேண்டும் என்றது. 'தொழில் முன்னிலைப் பாடங்கள்' என்று அந்தந்த ஊரின் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது. கரையோரத்தில் மீன்பிடி, வயல் ஊரில் வேளாண்மை. விடிய எழும்பி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வேளாண்மையைப் பாடமாகப் படிப்பிப்பதில் பெற்றோருக்கு உடன்பாடு குறைவு. மண்வெட்டியிலிருந்து தப்பத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம் என்பது அவர்கள் நியாயம். ஆனாலும் அந்தச் சீர்திருத்தத்தின் ஒரு பயன் பெரிது: விஞ்ஞானம் ஒரு சில கல்லூரிகளின் சொத்தாக இருந்த நிலை உடைந்தது. 1978இல் பழைய பெயரில் சாதாரண தரம் திரும்பி வந்தபோதும் விஞ்ஞானம் எல்லோருக்குமான பாடமாக நின்றுவிட்டது. 1980இல் இலவசப் பாடநூல்களும் வந்தன.

அதே எழுபதுகளில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. தமிழ் மொழிமூல மாணவர்களுக்குக் கூடிய வெட்டுப்புள்ளி வைத்த முதல் ஏற்பாடு பெரும் காயத்தை உண்டாக்கியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு வாசல் திறப்பதாக அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. வவுனியா, மன்னார் மாவட்டங்களுக்கு அதனால் இடங்கள் கிடைக்கவும் செய்தன. தர்மபுரத்துக்கு? கிளிநொச்சி அப்போது தனி மாவட்டம் அல்ல, யாழ்ப்பாண மாவட்டத்தின் தெற்குத் துண்டு. கிடுகுக் கொட்டிலில் படித்த பிள்ளையும் யாழ். இந்துக் கல்லூரி ஆய்வுகூடத்தில் படித்த பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிட்டார்கள். விசுவமடுவை நெருங்கினால் எல்லை மாறிவிடும். ஒரே வெயில், ஒரே மண், ஒரே பஸ், வேறு வெட்டுப்புள்ளி. 1984 பெப்ரவரியில் கிளிநொச்சி தனி மாவட்டமான பிறகுதான் அந்தக் கணக்கு நேரானது. பெயர்ப்பலகையில் 'கிளி' என்று இரண்டு எழுத்துகள் வந்ததன் பெறுமதி இதுதான். இன்று கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தக் கடைசிப் பட்டியலில் கிளிநொச்சியும் இருக்கிறது.

மாவட்டம் கிடைத்தபோது போர் தொடங்கிவிட்டது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வன்னிக்கு மின்சாரம் நின்றது, ரயில் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரி, யூரியா, சீமெந்து எல்லாம் இருந்தன. மண்ணெண்ணெய் யானை விலை விற்றது. அந்தப் பட்டியலை ஒரு பௌதிகவியல் ஆசிரியரின் கண்ணால் பார்த்தால் வேறு அர்த்தம் வரும். உலர்கலம் இல்லாமல் மின்சுற்றை எப்படிக் காட்டுவது? கரும்பலகையில் வெண்கட்டியால் கலத்தை வரைந்து, மின்குமிழை வரைந்து, 'இது எரியும்' என்று சொல்வதுதான் செய்முறை. இரவுப் படிப்புக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியில் எரிய விடுவார்கள். அந்த வெளிச்சம் ஒரு கொப்பிப் பக்கத்துக்குப் போதும், இரண்டாவது ஆளுக்குப் போதாது. அக்காவும் தம்பியும் முறை வைத்துப் படித்த வீடுகள் அவை.

போர் ஆசிரியரைக் கொண்டுபோனதும் உண்டு, கொண்டுவந்ததும் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்துச் சனம் முழுக்க வெளியேறியபோது குடாநாட்டு ஆசிரியர்கள் பலர் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆள் இல்லாமல் கிடந்த பாடங்களுக்குத் திடீரென்று ஆசிரியர் கிடைத்தார். 1996 யூலையில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் கிளிநொச்சி நகரம் விழுந்தது. நகரத்துச் சனம் ஒரு பக்கம் அக்கராயன், ஸ்கந்தபுரம் என்றும், மறுபக்கம் தர்மபுரம், விசுவமடு என்றும் சிதறியது. இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்று இன்னொரு பாடசாலையின் வளவில் இயங்குவது வன்னியில் வழமையாயிற்று. காலையில் ஒரு பாடசாலை, மத்தியானத்துக்குப் பிறகு இன்னொன்று. ஒரே வாங்கு, இரண்டு பெயரில் இரண்டு இடாப்பு.

அந்தக் காலத்தைத் தாங்கிப் பிடித்தவர்களைப் பதிவேடுகள் 'தொண்டர் ஆசிரியர்' என்று அழைத்தன. உயர்தரம் முடித்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவர்கள். போரால் மேலே படிக்க வழியற்றவர்கள். நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் இல்லை என்னும் அளவுக்குச் சிறு கொடுப்பனவு. காலையில் பாடசாலை, மாலையில் தோட்டம். கையிலிருந்தது தாங்கள் படித்த கொப்பிதான். அதைப் பார்த்துத்தான் அடுத்த வகுப்புக்குப் படிப்பித்தார்கள். வன்னியில் அப்போது அதிகாரம் விடுதலைப் புலிகளிடம் இருந்தாலும் அரச ஆசிரியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. பரீட்சையும் பரீட்சைத் திணைக்களத்தின் பரீட்சைதான். தொண்டர்கள் இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் வெளியே நின்றார்கள். போர் முடிந்த பிறகு நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காக வீதியில் அமரவேண்டி வந்தது. பிந்தியாவது பலருக்குக் கிடைத்தது. சிலருக்கு வயதெல்லை தாண்டிவிட்டது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்பிரலில் ஏ-9 திறப்பு. நான்கு வருடம் பஸ் ஓடியது, ஆசிரியர் வந்தார், ஆய்வுகூடத்துக்குப் போத்தல்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. அந்த மாதம் 14ஆம் திகதி, இதே ஏ-35 வீதியில் வள்ளிபுனத்திலுள்ள செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மேல் விமானப்படை குண்டு வீசியதில் 50க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளின் மாணவிகள். இன்னொரு பக்கம் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு உயர்தர வகுப்புகளைக் காலியாக்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து வீட்டுக்குள் மறைத்து வைத்த தாய்மார் வன்னி முழுக்க இருந்தார்கள். 2008இன் பிற்பகுதியில் மன்னார், பூநகரிப் பக்கத்திலிருந்து தள்ளப்பட்ட சனமும் பிறகு கிளிநொச்சிச் சனமும் தர்மபுரத்தை நிறைத்தன. பாடசாலைக் கட்டடத்தில் குடும்பங்கள், வகுப்பு மரத்தடியில். 2009 சனவரி நடுப்பகுதியில் இராணுவம் தர்மபுரத்துக்குள் வந்தபோது ஊரில் ஊரார் இல்லை. அவர்கள் கிழக்கே போய்விட்டார்கள். மே மாதம் எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தார்கள்.

அந்த முகாமிலும் பாடசாலை நடந்தது. இடம்பெயர்ந்த ஆசிரியர்களே கூடாரங்களில் வகுப்பெடுத்தார்கள். 2009 ஓகஸ்டில் முள்வேலிக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை மண்டபம் அமைந்தது. சில மாதங்களுக்கு முன் பதுங்குகுழியில் இருந்த பிள்ளைகள் அங்கே சுட்டெண் வாங்கி எழுதினார்கள்.

மீள்குடியேற்றம் 2010இல். கதவு இல்லாத கட்டடம், ஓடு இல்லாத கூரை, கண்ணிவெடி அகற்றும் வரை கால் வைக்கக்கூடாத வளவு. தகரக் கொட்டிலில் மீண்டும் முதலாம் தவணை. எல்லாவற்றிலும் கடினமானது பத்திரங்களைத் திரும்ப எடுப்பது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பழைய பெறுபேறு எல்லாம் ஏதோவொரு இடப்பெயர்வில் தொலைந்திருந்தன. அடையாளப் பத்திரம் ஏதும் இல்லாமல் சாதாரண தரம் எழுதமுடியாது. மலையக வம்சாவளிக் குடும்பங்களுக்கு இந்தத் தேடல் புதிதல்ல. 1948 முதல், 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும் வரை, தாத்தாவும் தகப்பனும் பத்திரத்துக்காகவே அலைந்தவர்கள்.

இன்றைய நேரசூசியில் பாடங்கள் அதிகம். சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மிகுதி மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். ஒரு தொகுதியில் புவியியல், வணிகமும் கணக்கீடும், குடியியல். இன்னொன்றில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும். மூன்றாவதில் விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரம், தகவல் தொழினுட்பம். தெரிவு என்று தாளில் இருக்கும். நடன ஆசிரியர் நியமனம் பெறாத பாடசாலையில் நடனம் தெரிவில் இல்லை. 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. பொறியியல் தொழினுட்பமும் உயிர்முறைமைத் தொழினுட்பமும் கிராமத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானப் பக்கம் இன்னொரு கதவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. முந்திய தலைமுறைக்குக் கடல் கடந்த ஊர்போல இருந்த பல்கலைக்கழகம் இப்போது பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.

ஆசிரியர் கதையிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு முடங்கியபோது, தூரத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தேடிப் பங்கீட்டு வரிசையில் நின்றார்கள். பல வாரங்கள் பாடசாலைகள் மூடின, திறந்த இடத்திலும் பாடவேளைகள் வெறுமையாகப் போயின. அந்த மாதங்களில் நடந்தும் சைக்கிளிலும் வந்து வகுப்பைத் திறந்தவர்கள் உள்ளூர் ஆசிரியர்கள். வவுனியா பூந்தோட்டத்துத் தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்தவர்கள், பட்டதாரிகள், பழைய தொண்டர்கள். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்தவர்களும், முகாம் மண்டபத்தில் பரீட்சை எழுதியவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள்.

காலையில் ஏ-35 வீதியில் பஸ்கள் இரண்டு திசையிலும் ஓடும். பரந்தன் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் சாறி உடுத்த ரீச்சர்மார் சிலர் கைப்பையும் விடைத்தாள் கட்டுமாக வந்து இறங்குவார்கள். அதே நேரம் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் சிலர் எதிர்ப்பக்கத்தில் நின்று, கிளிநொச்சி நகரத்துப் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போகிற பஸ்ஸை மறிப்பார்கள். அவர்களில் பலர் தேடிப் போவது இணைந்த கணிதத்தை. ஊர்ப் பாடசாலையின் மணி அடிக்கும்போது, ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு சேரைப் பார்த்துப் பிள்ளைகள் வழி விடுகிறார்கள். அவர் படித்ததும் இங்கேதான்.